கடுகின் நீர்க்கடுப்பு

வெயிலில் சூடேறிய பூனை மூத்திரத்தின் நாற்றம் மூக்கோடு நிற்காது, கண்ணையும் எரிக்கும். நான் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த அந்த ஏப்ரலில், ஸ்ரீரங்கத்து மாடி வீட்டில் அது எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடிப்பதே அம்மாவின் முதல் வேலையாக இருந்தது. மடித்து வைத்த போர்வை, துவைத்துக் காய்ந்த துணிக் குவியல், அப்பாவின் தொழிற்சாலைச் சட்டை என்று ஒவ்வொன்றாக அகப்பட்டன.

குற்றவாளி கடுகு. சாம்பல் உடம்பில் கரும்புள்ளிகள் தெளித்த ஆண் பூனை. திருவெறும்பூரில் இருந்தவரை வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்தரை முழுவதும் அதனுடையது. அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மாறியபோது வீட்டுக்காரர், பூனை கீழே இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா ஒரு பழைய பேசினில் மணலை நிரப்பி, குளியலறையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாங்கள் அதை "மண்ணுத்தொட்டி" என்போம். மீனுக்குப் பதிலாகப் பாக்கெட் தீனி வந்தது. மொறுமொறுவென்று கடித்துத் தின்றுவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்காமல் போய்விடும். மாடிக்கு வந்ததிலிருந்தே அது நிலைகொள்ளாமல்தான் இருந்தது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து என்னாலும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது.

"வேணும்னேதான் செய்யுது. வீடு மாத்துனதுக்கு நம்மளப் பழிவாங்குது" என்பாள் அம்மா. அப்பா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை ஜீயபுரத்துல சித்தப்பா தோட்டத்துல விட்டுட்டு வந்துடுறேன். எலி புடிச்சுத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

ஞாயிறுக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் கடுகின் பின்னாலேயே திரிந்தேன். அம்மா கண்ணில் இன்னொரு ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் அப்பா மனம் மாறிவிடுவார் என்பது என் கணக்கு. ஒரு பழைய துணியைப் பாவாடை மடிப்பில் செருகி வைத்திருந்தேன். கடுகு பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எங்காவது குந்தியது. முதுகை வளைத்து முக்கியது. எழுந்து போன இடத்தில் இரண்டு சொட்டு, சில சமயம் அதுவும் இல்லை. வெள்ளைத் தரையில் ஒரு சொட்டு இளஞ்சிவப்பாக இருந்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, யாரும் வருவதற்குள் துடைத்தேன். அம்மாவே, "ரெண்டு நாளா நாத்தம் இல்லையே" என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறன்று காலை கடுகு சாப்பிடவில்லை. வாந்தி எடுத்தது. ஊருக்குப் போகப்போவது அதற்குத் தெரிந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. கூடையில் வைத்து மூடி, மேலே துண்டைக் கட்டி, அப்பா வண்டியை எடுத்தார். அடம் பிடித்து நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கூடை என் மடியில் இருந்தது.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தலும் இல்லை, உறுமலும் இல்லை. நான் அதுவரை கேட்டிராத, அடித்தொண்டைச் சத்தம்.

"அப்பா, அது மூணு நாளா சரியாவே ஒண்ணுக்குப் போகல. சொட்டு சொட்டாத்தான் வந்துச்சு. ரத்தம் மாதிரிகூட இருந்துச்சு. நான்தான் தொடச்சிட்டேன்."

அப்பா வண்டியைக் கைப்பிடிச் சுவரோரமாக நிறுத்தினார். துண்டை விலக்கி, கையை உள்ளே விட்டு வயிற்றைத் தொட்டார்.

"கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார். திட்டவில்லை. பாலம் இறங்கியதும் வலது பக்கம் திரும்பினால் ஜீயபுரம். அப்பா திரும்பாமல் நேராக ஊருக்குள் விட்டார்.

வீட்டிலேயே கிளினிக் வைத்திருந்த ஒரு கால்நடை டாக்டரம்மா கதவைத் திறந்தார். கடுகின் வயிற்றில் கை வைத்தவுடன் அவர் முகம் மாறியது.

"எத்தனை நாளா?"

அப்பா என்னைப் பார்த்தார். "மூணு நாள்" என்றேன்.

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா போயிருக்கும். ஆண் பூனைக்கு நீர்க்குழாய் ரொம்பச் சின்னதுங்க. தண்ணி குடிக்கலைன்னா, பயந்து அடக்கி வச்சா, உள்ள மணல் மாதிரி சேர்ந்து அடைச்சிரும்."

"துணியிலயெல்லாம் போச்சுங்க டாக்டர். திமிருன்னு நெனச்சோம்" என்றார் அப்பா.

"தொட்டியில போனா வலிக்குது. தொட்டிதான் வலிக்க வைக்குதுன்னு நெனச்சு மெத்துனு வேற இடம் தேடும். பூனைக்குப் பழிவாங்கல்லாம் தெரியாதுங்க."

மயக்க ஊசி போட்டு, நூல்போன்ற ஒரு குழாயைச் செலுத்தினார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு தகரத் தட்டில் சிவப்பாக விழத் தொடங்கியது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நான்கு நாள் கழித்துக் கடுகு வீடு திரும்பியபோது மண்ணுத்தொட்டி இடம் மாறியிருந்தது. மெஷின் உதறும் சத்தத்திலிருந்து விலக்கி, தன் படுக்கையறையின் அமைதியான மூலையில் அம்மா வைத்திருந்தாள். வராந்தாவில் இன்னொரு தொட்டி. தினமும் இரண்டையும் அவளே சுத்தம் செய்தாள். பாக்கெட் தீனி நின்று, வேகவைத்த மீன் அதன் தண்ணீரோடு, உப்பில்லாமல் வந்தது. அறைக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். வேலை முடிந்து படியேறும் அப்பா, செருப்பைக் கழற்றும் முன்பே "போச்சா?" என்று கேட்பார். "ரெண்டு தரம் போச்சு" என்பாள் அம்மா, நல்ல சேதி சொல்கிறவளைப்போல. அதற்குப் பிறகு கடுகு ஒன்பது வருடம் இருந்தது.

இப்போது அந்த மாடி வீடு இடிக்கப்பட்டு அடுக்ககமாகிவிட்டது. அப்பாவும் போய்விட்டார். துவாக்குடியில் என்னோடு இருக்கும் அம்மா, வீட்டுக்கு யார் வந்தாலும் கடுகு கதையைச் சொல்கிறாள். "இவதான் மொதல்ல கண்டுபுடிச்சா. பாலத்துல வண்டிய நிறுத்தச் சொல்லி அவரைத் திருப்பினதே இவதான்." அன்று வீட்டுக்கு வந்து அப்பா அவளிடம் சொன்னது அவ்வளவுதான். மூன்று நாள் துடைத்ததை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. வந்தவர்கள் என்னைப் பாராட்டுவதுபோலப் பார்ப்பார்கள். நான் காபி கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுவேன்.