பர்லியாருக்குக் கீழே

வேலாமணிக்கு ஒரு சக்களத்தி உண்டு. அவள் செத்துப்போனவள் என்பதுதான் தொல்லை. உயிரோடிருப்பவளென்றால் ஒருநாள் தெருவில் நின்று சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கும் சுகுணாவை என்ன செய்வது?

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மருதாசலம் தைலக் கடை வைத்திருக்கிறார். அடுத்த கடை என்னுடையது, வளையல், பாசிமணி. சுகுணா போன பிறகு அவர் கட்டிக்கொண்டவள் வேலாமணி. குந்தாவில் மின்வாரியத்தில் வேலை பார்த்தவரின் மகள். பிறந்ததிலிருந்து அணையைத்தான் பார்த்திருக்கிறாள், கடலைப் பார்த்ததில்லை. கடலென்றால், அதிலும் பழைய துறைமுக ஊர்கள் என்றால், அவளுக்கு அப்படி ஓர் ஆசை. கலங்கரை விளக்கம், பண்டகசாலை, கடலைப் பார்த்து நிற்கும் பழைய வீடுகள் என்று போனில் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

மே மாத சீசன் முடிந்து கடையில் கூட்டம் குறைந்ததும் வருஷாவருஷம் இந்தப் பேச்சு வரும்.

“ஏனுங்க, புதுச்சேரி போலாங்களா?”

“போலாமே. சுகுணாவுக்கு அந்தக் கடற்கரை ரோடுன்னா உசுரு.”

அவ்வளவுதான், புதுச்சேரி ஒழிந்தது. அடுத்த வருஷம் தரங்கம்பாடி. “அந்தக் கோட்டைச் செவுத்துல உக்காந்து அலையப் பாக்கோணும்னு சுகுணா...” என்று அவர் இழுத்தார். வேலாமணி எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். தெருவுக்கே கேட்டது. தூத்துக்குடியும் இப்படியே போயிற்று. அவள் கால் பட்ட ஊரில் நான் எதற்குக் கால் வைக்க வேண்டும் என்று என்னிடம் வந்து பொருமுவாள். கடற்கரை முழுவதையும் அந்த மகராசி வளைத்துப் போட்டுவிட்டாளே என்று நானும் சேர்ந்து ஏற்றிவிடுவேன். எனக்கும் பொழுது போக வேண்டாமா?

இந்த வருஷம் தைலம் வாங்க வந்த ஒரு கேரளத்து அம்மாள் கொச்சியைப் பற்றிச் சொன்னாள். கோட்டைப் பக்கம் கரையில் நின்றால் கப்பல் வெகு அருகில் போகுமாம். மட்டாஞ்சேரித் தெருக்களில் மிளகும் சுக்கும் மணக்குமாம். அன்று சாயங்காலமே வேலாமணி புருஷனைப் பிடித்தாள்.

“கொச்சிக்குப் போயிருக்கறீங்களா?”

“இல்லியே.”

“அப்ப அங்கதான் போறோம்.”

மலை ரயிலில் இடமெல்லாம் டூரிஸ்டுகளுக்குத்தான். உள்ளூர்க்காரர்களுக்கு பஸ்தான்; புருஷனும் பெண்டாட்டியும் அதில் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவென்றாலே வேலாமணிக்கு வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி மலை இறங்கியதும் பர்லியாரில் பஸ் நின்றது. மருதாசலம் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டே பழக் கடைகளைப் பார்த்தார்.

“சுகுணா இதுக்குக் கீழ வந்ததே இல்ல. ஒவ்வொரு தடவையும் இங்க வாரதுக்குள்ள வாந்தி எடுத்துத் துவண்டுருவா. திரும்பீரலாமான்னு கேப்பேன். திரும்பீருவோம்.”

“அப்ப புதுச்சேரி? தரங்கம்பாடி?”

“அதெல்லாம் அவ ஆசப்பட்ட ஊரு. நாங்க எங்க போனோம்?”

வேலாமணிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்னைவிட அதிகமாக எரிந்தது. போன ஊரென்றால் ஒரு தடவையோடு தீர்ந்திருக்கும். போகாத ஊருக்கெல்லாம் இந்த மனுஷன் அவளை இன்னும் கூட்டிக்கொண்டு போகிறாரே. அந்த நேரம் பார்த்து வயிறு தொண்டைக்கு ஏறியது. சுகுணா திரும்பிய இடத்தில் தானும் வாந்தி எடுப்பதா? வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பஸ் புறப்பட்டது. மிச்ச வளைவுகளில் கண்ணில் நீர் முட்ட, எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே நசுக்கிவிட்டாள். அவளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நடுவில் ஒரு நினைப்பு வந்ததாம். அதை உடனே விரட்டிவிட்டதாக என்னிடம் சொன்னாள்.

கல்லாறு தாண்டி ரோடு நேரானதும் பையை எடுத்தாள். காலையில் தின்ற இட்லி முழுவதும் வந்தது. மருதாசலம் பதறிப்போய் அவள் முதுகைத் தடவினார்.

“முடியலீனா திரும்பீரலாமா புள்ள?”

அதே கேள்வி. இதே குரலில்தான் அவளிடமும் கேட்டிருப்பார். வேலாமணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அவளக் கேட்டத எங்கிட்டக் கேக்காதீங்க. கொச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரமுங்க?”