ஜனவரி இரண்டு, ஜெனரல் ஷிப்ட்

அந்த வருஷம் எப்போது ஒழியும் என்று ஆகஸ்டிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டேன். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் புது காலண்டர் வந்துவிட்டதா என்று கேட்டால், "இன்னாமா, இன்னும் ஆயுத பூஜையே வரல, அதுக்குள்ள புது வருஷமா?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அவர் கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த இருநூறு அடிதான் அந்த வருஷம் நான் போய்வந்த உலகம். சில்லறை எண்ணிக் கொடுக்க அவர் கொஞ்சம் தாமதித்தாலும் மீதியை வாங்காமலே ஓடிவந்துவிடுவேன். வீட்டில் நைனா, எங்கள் அப்பா, தனியாக உட்கார்ந்திருப்பார்.

பிப்ரவரியில் நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தோம். அம்மா போய் ஐந்து வருஷமாகிறது. அண்ணன் திருவள்ளூரில் மாமனார் வீட்டுப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறான். கல்யாணமாகாமல் வீட்டில் இருந்தவள் நான். யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் உட்கார்ந்து பேசவே இல்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ரப்பர் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். வாஷரை விரலில் உருட்டினாலே வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் அது என்னுடையது. வேலையை விட்ட பிறகும் கம்பெனி பஸ் தினமும் ஏழே முக்காலுக்கு எங்கள் ஜன்னலுக்கு நேராகத்தான் போனது. முதல் மாதம் பெண்கள் எல்லோரும் கை ஆட்டினார்கள். அடுத்த மாதம் இரண்டு பேர் ஆட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு நான் ஜன்னல் கதவைச் சாத்திவிடுவேன்.

அண்ணன் கெட்டவன் இல்லை, தள்ளிப் போடுகிறவன். சித்திரை வரட்டும் என்றான். கீழ்வீட்டைக் கட்டி முடித்துவிட்டு நைனாவுக்கு ஒரு ரூம் ஒதுக்குகிறேன் என்றான். பிறகு ஆடியில் யாராவது இடம் மாற்றுவார்களா என்றான். பிறகு தீபாவளி போகட்டும் என்றான். ஒவ்வொரு பண்டிகையும் எனக்கு ஒரு வாசல் மாதிரி தெரியும். கிட்டே போனால் சுவர்.

நவம்பரில் என் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். "ஜனவரி ரெண்டாந்தேதி ஜெனரல் ஷிப்டுல ஒரு எடம் காலியாவுது. அன்னிக்கு வந்து நின்னா அது உன்னுது. வரலன்னா வேற ஆளப் போட்ருவாங்க, என்னால புடிச்சி வைக்க முடியாதுமா" என்றார். அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். அவன், "ஒன்னாந்தேதி காலைல வண்டியோட வந்து நிப்பேன் பாப்பா. சத்தியமா நைனாவ இட்டுக்கினு போறேன்" என்றான்.

அதற்குப் பிறகு நான் காலண்டரில் நாட்களைக் கிழிக்கவில்லை, பிய்த்தேன். யூனிபார்ம் மேல்சட்டையைத் தேடி எடுத்துத் துவைத்தேன். புதுச் செருப்பு வாங்கினேன். தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம், "ரெண்டாந்தேதிலேர்ந்து வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவைத்தேன். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் அது நடந்தே தீரும் என்று ஒரு நம்பிக்கை.

நைனாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபத்தெட்டு வருஷம் பாய்லர் ஆப்பரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு முழுக்கப் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. "வன்ட்டானா?" அதுதான் அந்த வார்த்தை. தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். ஆனால் சில நேரம் அதையே தெளிவாக, வாசலைப் பார்த்து, கேள்வியாகவே கேட்பார். வந்துட்டானா? பக்கத்து வீட்டுக்காரர்கள் உருகிப்போவார்கள். "புள்ள மேல இன்னா உசுரு பாரு" என்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல் தேய்த்துவிடுகிறவள் நான். கஞ்சி ஊட்டுகிறவள் நான். முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கிறவள் நான். கேட்பது மட்டும் அவனை. ஒருநாள் மத்தியானம் தாங்காமல், "வரமாட்டான் நைனா! நான்தான் இருக்கேன். நான் உன் கண்ணுக்கே தெரியலியா?" என்று கத்திவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இன்னொரு தொல்லை அந்த நாற்காலி. வாசலை ஒட்டி, கரண்ட் மீட்டருக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். படுக்கையில் கொண்டுபோய்ப் போட்டாலும் கண் மூடமாட்டார். மாத்திரை போட்டாலும் அரைத் தூக்கம்தான், பின்பக்கத்து மில்லில் சங்கு ஊதினால் அதுவும் போய்விடும். பிள்ளை வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஏனென்றால் நானே அவன் வருகிற வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றாம் தேதி விடிந்தபோது தெரு முழுக்கக் கலர் கோலம். எதிர்வீட்டுப் பெண் "ஹேப்பி நியூ இயர்" என்று இங்கிலீஷில் எழுதி, ஒரு எழுத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பூவைப் போட்டுச் சமாளித்திருந்தாள். நைனாவைக் குளிப்பாட்டி, அவர் துணிமணியைப் பையில் வைத்து, மாத்திரை நேரத்தை எல்லாம் ஒரு தாளில் எழுதி மடித்து மேலே செருகினேன். பத்து மணிக்குள் இருபது தடவை தெருவை எட்டிப் பார்த்திருப்பேன்.

அண்ணன் வந்தான். இதைச் சொல்லியே ஆகவேண்டும், அவன் நிஜமாகவே வந்தான். கேக் பெட்டியும், நண்பனிடம் கேட்டு வாங்கிய காரும், கார் சீட்டில் போட ஒரு மெத்தையும் கொண்டுவந்திருந்தான். "இன்னா பாப்பா, ரெடியா?" என்றான். அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல் இருந்தது. அழவில்லை, டீ போட்டேன்.

நைனாவுக்கு அவனை நன்றாக அடையாளம் தெரிந்தது. இடது கையால் அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். பிறகு அவனைத் தாண்டி வாசலைப் பார்த்து, "வன்ட்டானா?" என்றார்.

"நான்தான் நைனா. வன்ட்டேன்" என்றான் அண்ணன்.

அதெல்லாம் தெரியும் என்பதுபோல நைனா தலையை ஆட்டினார். மறுபடியும் வாசலைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவர் அப்படித்தான், என்ன செய்வது என்று சாப்பிட உட்கார்ந்தோம்.

சாப்பிட்டு முடித்து அவரைத் தூக்கப் போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று போய் ஒட்டிக்கொண்டது. அந்த ஒற்றைக் கைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. தோளைப் பிடித்துத் தூக்கியதும் ஒரு சத்தம் போட்டார், வார்த்தையே இல்லாத சத்தம். எதிர்வீட்டுப் பெண் வெளியே ஓடிவந்தாள். அண்ணன் கையை எடுத்துவிட்டான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "பயமாருக்குது பாப்பா" என்றான். நான் துணிப்பையைக் கையில் பிடித்தபடி நின்றேன். "எதிர்வீட்டு அண்ணனையும் கூப்ட்டுக்கினு ரெண்டு பேருமா தூக்குங்க" என்றேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. விடிந்தால் இரண்டாம் தேதி.

அப்போது பின்பக்கத்து மில்லில் இரண்டு மணிச் சங்கு ஊதியது.

நைனா சத்தத்தை நிறுத்தினார். தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். "வன்ட்டானா?"

அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவர் அதைத் தெளிவாகக் கேட்பது பெரும்பாலும் காலை ஆறுக்கு, மத்தியானம் இரண்டுக்கு, ராத்திரி பத்துக்கு. மூன்றும் ஷிப்ட் மாறுகிற நேரம். பதினொரு வருஷம் ஷிப்ட் போனவளுக்கு அது தெரியவில்லை. சங்கு அவர் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அந்த மில்லைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் பிள்ளையைக் கேட்கவில்லை. ரிலீவரைக் கேட்கிறார். எரிகிற பாய்லரை ஆள் இல்லாமல் விட்டுவிட்டு வர முடியாது. அடுத்த ஷிப்ட்காரன் வந்து சார்ஜ் எடுத்துக்கொண்டால்தான் இவர் எழுந்திருக்கலாம். அவன் வராவிட்டால் அவன் ஷிப்டையும் சேர்த்து இவரே பார்க்கவேண்டும், அதற்குப் பெயர் டபுள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எத்தனை நாள் கண் சிவந்து வந்து, "ரிலீவர் வரல, டபுள்" என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார். பிப்ரவரியிலிருந்து அவர் அந்த நாற்காலியில் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த கரண்ட் மீட்டர்தான் அவருடைய பிரஷர் மீட்டர்.

பையைக் கீழே வைத்தேன். அவர் எதிரில் போய் நேராக நின்றேன். "நைனா, ரிலீவர் வந்தாச்சு. நான்தான். சார்ஜ் எடுத்துக்கினேன். நீ கெளம்பு" என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு அதே கையால் மீட்டரைக் காட்டினார். நான் திரும்பி, அதில் இருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தேன். தலையாட்டினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து, காலை இழுத்து இழுத்து உள்ளே நடந்தார். கட்டிலில் படுத்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுத் தூங்கினார். பத்து மாதத்தில் அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்க்கவில்லை. டியூட்டி முடிந்த மனுஷன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். கொஞ்ச நேரம் சந்தோஷம் மட்டும்தான்.

எல்லாவற்றையும் அண்ணனுக்குச் சொன்னேன். "உன் ஊட்லயும் இதே மாதிரி சொல்லு, கேட்டுப்பாரு" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் சொன்னா நம்புவாரா பாப்பா? நான் என்னிக்கு ஷிப்டு போனேன்? யூனிபார்ம் போட்டுக்கினு போனவ நீதான்" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. அவன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். பாய்லரை அவனிடம் ஒப்படைத்துவிட்டு எந்த ஆப்பரேட்டரும் எழுந்து வரமாட்டான்.

ஐந்து மணி வரைக்கும் அண்ணன் காத்திருந்தான். நைனா எழுந்திருக்கவில்லை. "இப்ப எழுப்பினா மறுபடியும் கத்துவாரு. உன் பேச்சத்தான் கேக்குறாரு. அதுவுமில்லாம மார்கழி. தை பொறக்கட்டும், பாக்கலாம்" என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனான். அவன் முகத்தில் நிம்மதி இருந்தது. அதை மறைக்கத் தெரியாத அளவுக்கு நல்லவன். காரில் போட்டுக்கொண்டு வந்த மெத்தையை மறக்காமல் எடுத்துப்போனான்.

அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். இரண்டு பேராகப் பிடித்து, கத்தக் கத்த அவரைக் காரில் ஏற்றியிருப்பார்கள். நாலு நாளில் அடங்கியிருப்பார். நான் பஸ்ஸில் இருந்திருப்பேன். நானே ஒரு வார்த்தை சொல்லி நானே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். அதற்காக என்னைத் திட்டிக்கொள்ளாத நாள் இல்லை. அவர் தூங்குவதைப் பார்க்கும்போது மட்டும் திட்ட முடிவதில்லை.

இரண்டாம் தேதி காலை ஆறு மணிச் சங்குக்கு நைனா என்னைப் பிடித்துக்கொண்டு வந்து மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்று சார்ஜ் எடுத்துக்கொண்டேன், அவர் போய்ப் படுத்தார். ஏழே முக்காலுக்கு பஸ் போனது. நைட்டியோடு ஜன்னலில் நின்று பார்த்தேன். அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை.

எட்டரை ஆனதும் சூப்பர்வைசர் போன் செய்தார். பின்னால் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டே பத்து மாதம் ஆகியிருந்தது.

"இன்னாமா, பஸ்ஸுல காணோம்னாங்க?"

காரணங்களை எல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"என் ரிலீவர் வரல சார்" என்றேன்.

முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த மனுஷன். அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"அப்ப டபுளா?" என்றார்.

"டபுள்தான் சார்" என்றேன்.