இடது பக்கத்துச் சத்தம்

சத்தம் இடது முன்சக்கரத்திலிருந்துதான் வந்தது. நாலு மாதமாக இதைச் சொன்னேன். தொண்டை வறளக் கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது காதில் வாங்கினால்தானே!

நான் சிறுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு திண்டுக்கல் டவுனுக்குள். மலைக்குப் போகும் பஸ்கள் கொஞ்சம். ஒன்றை விட்டால் முதல் இரண்டு பீரியட் போச்சு. அதனால் எங்கள் வீட்டுப் பழைய காரில்தான் பதினோரு வருஷமாகப் போய் வருகிறேன். காருக்கு வயது பதினாறு. காலையில் ஏறும்போது வாயை மூடிக்கொண்டு ஏறும். சாயங்காலம் இறங்கும்போது, வளைவில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் இடது சக்கரத்துக்குள் டொக்கென்று ஓர் அடி. பிரேக்கை மிதித்தால் இன்னொரு டொக். அந்தப் பக்கம் தடுப்புச்சுவர் இடுப்பளவுகூட இல்லை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

மச்சானிடம் சொன்னேன். என் கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன். தோல் வியாபாரம் செய்கிறவர், கடைக்கும் வீட்டுக்கும் ஸ்கூட்டரிலேயே போய் வருவார். "ரோடு அப்படி. அதுக்கு வண்டி என்ன பண்ணும்?" என்றார்.

பிடிவாதம் பிடித்து ஒரு சனிக்கிழமை வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் என்னைத் தாண்டி மச்சானைப் பார்த்து, "என்ன சார் கம்ப்ளைண்ட்?" என்றார். நான் பதில் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் மச்சானிடமே, "எப்பருந்து சார் வருது?" என்றார். ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவர் ஸ்டியரிங்கில் உட்கார, மச்சான் பக்கத்தில் உட்கார, தினமும் ஓட்டுகிற நான் பின்சீட்டில். போனது எங்கே? பைபாஸ். வெண்ணெய் மாதிரி ரோடு, ஒரு வளைவு கிடையாது. சத்தம் எப்படி வரும்?

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார். மேடம் பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குறாங்கபோல. லேடீஸ் கைல குடுத்தா முன்பக்கம் சீக்கிரம் போயிரும்."

மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். திங்கட்கிழமை மலையில் டொக். அடுத்த தடவை அலைன்மென்ட் பார்த்தார்கள். டொக். மூன்றாம் தடவை விட்டபோது காரை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். பளபளவென்று டொக்.

அதற்குப் பிறகுதான் என்னைக் கேட்காமலே ஒரு முடிவெடுத்தார் மச்சான். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார். "ஏம்மா, வண்டியத் தள்ளிவிட்ருவோம். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருத்தர் கேட்டாரு. திங்கக்கிழம வாராரு. நீ லீவப் போட்டுட்டு டவுனுக்கே மாறுதல் கேளு."

மாமி, அவருடைய அம்மா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லதாப் போச்சு. பொம்பளப்புள்ள தனியா மலையில ஓட்டிக்கிட்டுத் திரியிறது எனக்கு என்னைக்குமே பிடிக்கல" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டும். வாழைத்தோட்டத்து வழியே நடந்து வந்து ஈரக்காலோடு பெஞ்சில் உட்காருகிற அந்தப் பிள்ளைகள் வேண்டும். அதைவிட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் போகவர நேரம் வேண்டும். என் நாளில் யாரும் என்னை ஒரு வேலைக்கும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். ஒரு சத்தத்தை நம்பாததற்காக அதைப் பிடுங்கிக்கொள்வார்களாம்.

மறுநாள் காலையில் ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டொக். கையிலேயே தெரிந்தது. குனிந்து பார்த்தால், சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு பிணைக்கிற லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையின் நுனியில் பந்துமூட்டு தளர்ந்து ஆடுகிறது. மறுமுனையில் இருக்கும் ரப்பர் புஷ் வெடித்து நாராகத் தொங்குகிறது. நாலு மாதம், மூன்று வொர்க்‌ஷாப் நடை, ஒரு பாவிகூட இதைக் குனிந்து பார்க்கவில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு பக்கத்துக்கும் புது ஆர்ம் கேட்டேன். வண்டி மாடல், வருஷம் எல்லாம் சொன்னேன். கடைக்காரர், "சார ஒரு எட்டு வரச்சொல்லுங்கம்மா. மாத்தி வாங்கிட்டா திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்.

"சாருக்கு வண்டிக்கு எத்தன டயர்னு தெரிஞ்சாலே பெருசு. எடுத்துப் போடுங்கண்ணே" என்றேன்.

ஞாயிறு காலை மச்சானின் பழைய சட்டையை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டி, வீட்டு வாசலில் காருக்கடியில் படுத்தேன். செல்போனில் மலையாளத்தில் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்திருந்தேன். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முறுக்கவே கூடாது. சும்மா மாட்டி வைக்க வேண்டும். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு, கொஞ்ச நாளிலேயே கிழிந்துவிடும்.

பழைய போல்ட்டுகள் துருவேறி உயிரை வாங்கின. ஸ்பேனரில் பைப்பைச் சொருகித் தொங்கினேன். முழங்கை தோல் உரிந்தது. ஆனாலும் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்வதற்குள் புது ஆர்ம் இரண்டும் ஏறிவிட்டன. போல்ட்டுகளை விரலால் திருகி விட்டிருந்தேன். இனிச் சக்கரத்தை மாட்டி இறக்க வேண்டியதுதான். அப்போது பார்த்து உள்ளேயிருந்து மாமி, "ஏம்மா, சோறு குழையுது. தொழுதுட்டு வந்தா ஆம்பளைக பசியோட நிப்பாக. வந்து வடி" என்று கத்தினார். ஏன், மாமி வடித்தால் வடியாதா? கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

வடித்து, அடுப்பிலிருந்து வெஞ்சனச் சட்டியை இறக்கிவிட்டு வெளியே வந்தால், பள்ளிவாசலிலிருந்து திரும்பிய நாலைந்து பேர் காரைச் சுற்றி நிற்கிறார்கள். "என்ன, வண்டிய நீங்களே பாக்குறீகளா?" என்று யாரோ மச்சானைக் கேட்டிருக்க வேண்டும். மச்சான் கைலியை மடித்துக் கட்டி, கீழே படுத்து, பைப் சொருகிய ஸ்பேனரால் புஷ் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும். சக்கரம் இல்லை, வண்டி ஜாக்கியில்.

"அல்லாவே! மச்சான், வெளிய வாங்க."

"முறுக்கிட்டேன்மா. இனி ஆனை வந்தாலும் அசையாது."

ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தேன். அவர் முறுக்கியதை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். மேலே ஒருவர், "என்ன மாப்ள, நீ மாட்டுன, அது கழட்டுது?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏம்மா, நாலு பேரு முன்னாடி..." என்று மச்சான் குனிந்து முணுமுணுத்தார்.

"அன்னைக்கு வொர்க்‌ஷாப்ல எத்தன பேரு இருந்தாக, எண்ணுனீகளா?" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

கூட்டம் கலைந்தது. சக்கரங்களை மாட்டி, கனத்த பலகைகள் மேல் வண்டியை இறக்கி, அடியில் நுழைந்து பாரத்தோடு இறுக்கினேன். மச்சான் சாப்பிடாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். இரக்கம் வரவில்லை எனக்கு.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு, "வண்டில ஏறுங்க" என்றேன். நான் ஓட்ட, அவர் பக்கத்தில். பதினோரு வருஷத்தில் என்னோடு அவர் மலைக்கு வருவது அதுதான் முதல் தடவை. மேலே போய்த் திருப்பி, இறங்க ஆரம்பித்தேன். முதல் வளைவு. இரண்டாவது. வேண்டுமென்றே வலப்பக்கம் ஒடித்து பிரேக்கை அழுத்தினேன். சத்தமே இல்லை. 

"ஒட்டன்சத்திரத்துக்காரருக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

போட்டார். "அண்ணே, வண்டி குடுக்கல. ஆமா, சரியாப் போச்சு. நானே வீட்ல வச்சுக் கழட்டி மாட்டிட்டேன்."

அகலமான ஓர் இடம் பார்த்து ஓரங்கட்டினேன். பின்சீட்டில் பேப்பரில் சுற்றி வைத்திருந்த பழைய ஆர்ம் இரண்டையும் எடுத்து, அவர் மாற்றி உடுத்தியிருந்த வெள்ளை வேட்டி மேல் வைத்தேன்.

"நீங்கதான மாட்டுனீக? இதுல இடது எது, வலது எது, சொல்லுங்க."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேட்டியெல்லாம் கிரீஸ். ஒன்றைத் தூக்கியதும் அதன் நுனி அவர் கையிலேயே ஆடி டொக்கென்றது. இன்னொரு தடவை ஆட்டினார். டொக். அதற்கப்புறம் கண்ணாடி வழியே கீழே சரிவை எட்டிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அவராகவே மறுபடியும் அடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, மாட்டுனது நான் இல்ல. எம் பொண்டாட்டி."

அந்தப் பக்கம் ஒட்டன்சத்திரத்துக்காரர் சிரித்தார். "ஏனுங்க தம்பி, என்னை வச்சுத் தமாஷ் பண்றீங்களா? லேடீஸ் எங்கீங்க இதெல்லாம் மாட்டறது?"

"நெசமாத்தாண்ணே. அவதான் மாட்டுனா."

"சரி சரி, விடுங்க."

"அண்ணே, நான் சொல்றேன்ல! அவதாண்ணே! சொன்னா நம்புங்கண்ணே!" மச்சானுக்குக் குரல் கிறீச்சிட்டது. முகம் சிவந்து, போனையே வாயில் திணிக்கிறவர் போல் கத்தினார். அந்தப் பக்கத்தில் இன்னமும் சிரிப்பு. லைன் போய்விட்டது.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "நாலு தடவ சொல்லியும் நம்ப மாட்டேங்குறான் பாரு."

"நான் நாலு மாசம் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.