இடப்பக்கம் விலகிய குண்டு

மதுரையில் கல்லூரியில் படித்தபோது ருக்மிணி என்.சி.சி.யில் இருந்தாள். பெண்களுக்குச் சின்னத் துப்பாக்கிதான். பெரிய த்ரீ நாட் த்ரீ ரைபிள் பையன்களுக்கு மட்டும். அதை ஒருநாள் சுட்டுவிட வேண்டுமென்று அவளுக்குத் தீராத ஆசை. டெல்லி முகாமுக்குத் தேர்வான மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது. முகாமுக்கு வேறொருத்தி போனாள்.

முப்பது வருடம் கழித்து, டெக்சாஸில், ரிச்சர்ட்சன் பக்கத்துக் கடையொன்றில் பழைய ராணுவத் துப்பாக்கிகளின் நடுவே அதே த்ரீ நாட் த்ரீயைக் கண்டாள். வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை சுடுதளத்துக்குக் கணவர் பசுபதியும் வந்தார். முதல் ஐந்து குண்டுகளும் இலக்கின் கறுப்பு வட்டத்துக்கு இடப்பக்கம் போய் விழுந்தன.

"வயசாச்சுல்ல ருக்கு, கண்ணு தெரியல. குறி பாக்க லென்ஸ் வச்ச ஸ்கோப் ஒண்ணு ஆர்டர் பண்ணிடலாம்," என்றார் பசுபதி.

"அஞ்சும் ஒரே இடத்துல விழுந்திருக்கு பாருங்க. என் கண்ணு சரியாத்தான் இருக்கு."

துப்பாக்கியைக் காலிசெய்து மேசையில் கிடத்தினாள். குண்டு விலகும் பக்கமே குழல் நுனியிலுள்ள குறிமுள்ளையும் நகர்த்த வேண்டும் என்று என்.சி.சி.யில் பயிற்சி கொடுத்த ஹவில்தார் பையன்களுக்குச் சொன்னதை அன்று ஓரமாக நின்று கேட்டிருந்தாள். குறிமுள்ளின் பக்கவாட்டில் பித்தளைத் துண்டை வைத்து, மயிரிழை அளவு இடப்பக்கம் நகரும்படி சுத்தியலால் தட்டினாள். சுட்டாள். மறுபடி தட்டினாள். மூன்றாம் முறை ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன.

"சூப்பர்! குரூப்ல போட்டோ போடவா?"

"வேண்டாங்க. இன்னொரு பாக்கெட் குண்டு வாங்கிட்டு வாங்க."

துப்பாக்கி உதைத்து உதைத்துத் தோள் கன்றிப்போயிருந்தது. இருபது வயதில் இப்படிக் கன்றியிருந்தால் விடுதி முழுக்கக் காட்டித் திரிந்திருப்போமே என்று நினைத்தபடி, அவள் அந்த இடத்தை மெல்லத் தடவிக்கொண்டாள்.