ஒத்திகை பார்த்த பாடம்

டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் நான் முதல் வகுப்பில் தேறினேன். அந்தத் தேர்ச்சிக்காக நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் படிப்பை இழந்தாள். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து எழுத எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. முதல் வாக்கியத்தை மட்டும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆனையூர். அப்பா கமலை கட்டித் தண்ணீர் இறைத்து வெள்ளாமை செய்கிறவர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எழுத்துப் படித்ததில்லை, எல்லோருக்கும் கைநாட்டுத்தான். பத்து வயசில் ஊருக்கு வரும் கடுதாசிகளை நான் படித்துச் சொல்வேன். வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக வாசிப்பேன். பெரியவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். அந்தக் கர்வம் பிறகு குறையவில்லை, வளர்ந்தது. மதுரையில் ஹாஸ்டலில் தங்கி வாத்தியார் படிப்புப் படிக்க வந்தபோது, நான் தோற்றுப் போகக்கூடும் என்ற நினைப்பே எனக்குக் கிடையாது.

இரண்டாம் வருஷக் கடைசியில் பரீட்சைப் பாடம் என்று ஒன்று உண்டு. எங்கள் பள்ளியை ஒட்டியிருந்த சிறுமிகள் பள்ளிக்கூடத்தில், வெளியிலிருந்து வரும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் முன்னால், ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு வந்தது நாலாம் வகுப்பு. பாடம், எழுவாயும் பயனிலையும்.

அந்த வகுப்பில் முன் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள்தான் நான் சொல்லும் பெண். மற்றப் பிள்ளைகளை விட மூத்தவள், பதின்மூன்று வயசிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு. தாயில்லாத பெண். திருவாதவூரிலிருந்து சின்ன வயசிலேயே வெண்கலக்கடைத் தெருவில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்து வளர்ந்தவள். அத்தை மகனுக்கே அவளைக் கட்டிவைத்திருந்தார்கள். நாத்தனார் சிறுமிக்கு ஒன்பது வயசு. அவளும் அதே வகுப்பு. சின்னவளுக்குத் துணையாக மருமகளும் பள்ளிக்கூடம் போய்வரட்டும், ஐந்தாவது முடித்ததும் நின்றுகொள்ளட்டும் என்று அத்தை ஒப்புக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வருஷம் தனக்கு இருக்கிறது என்று அந்தப் பெண் என்னிடம் சொல்வாள். பிள்ளைகள் பொங்கலுக்கு நாள் எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டிருந்தாள்.

இலக்கணம் என்றால் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். இவளுக்கு அது விளையாட்டு. எழுவாய் என்றால் என்ன என்று நான் சொல்லிக்கொடுத்த மறுநாள் காலையில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எங்க தெருவுல கீரைக்காரி 'வந்திருக்கு, வந்திருக்கு'ன்னே கத்திக்கிட்டுப் போகுது. என்னா வந்திருக்குன்னு சொல்லவே மாட்டேங்குது. எழுவாயைக் கூடைக்குள்ள மூடி வச்சிருக்கும் போல."

என் பதினெட்டு வயசுக்குள் இப்படி ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றியதில்லை. மெச்சினேன், உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

பரீட்சைப் பாடத்துக்கு முந்தின நாள் நான் ஒரு தப்புச் செய்தேன். நடத்தப்போகும் பாடத்தைப் பிள்ளைகளிடம் முன்கூட்டி நடத்திவிடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. தெரிந்தால் பாடம் ரத்து. இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். நான் மத்தியான இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு முழுப் பாடத்தையும் நடத்தி ஒத்திகை பார்த்தேன். ஐந்து அட்டைகளில் ஐந்து வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தேன். மயில் ஆடியது என்பது முதல் அட்டை. இரண்டாவதில் என் தம்பியின் பெயரை எழுதி, 'வந்தான்' என்று போட்டிருந்தேன். மதுரைப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்தான். மூன்றாவது, மாடு மேய்ந்தது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வரிசைப்படி ஆளுக்கொரு அட்டை. எழுந்து, வாக்கியத்தை உரக்க வாசித்து, எழுவாய் இது, பயனிலை இது என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். பதிலை முழு வாக்கியமாகத்தான் வாங்க வேண்டும் என்பது எங்களுக்குக் கற்பித்திருந்த முறை.

இரண்டாவது அட்டையைக் காட்டியதும் நாத்தனார் சிறுமி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அதட்டினேன். கலையும்போது பெரியவள் என் மேஜையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், நாளைக்கும் எனக்கு மூணாவதுதானே?"

"ஆமா. மூணாவதுதான்."

"மாத்த மாட்டீகள்ல?"

"மாத்த மாட்டேன், போ."

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. என் நினைப்பெல்லாம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளின் மேல் இருந்தது.

மறுநாள் இரண்டாவது இடம் காலியாக இருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னம் வீங்கிப் படுத்திருக்கிறாள் என்றார்கள். கடைசி பெஞ்சின் பின்னால் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளும் இரண்டு பள்ளிகளுக்கும் தலைமையாக இருந்த எங்கள் பெரிய டீச்சரும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மயில் ஆடி முடித்தது. கையில் அட்டைகள் அடுக்கியபடியே இருந்தன. மேலே இருந்த இரண்டாவது அட்டையை எடுத்து, அடுத்து இருந்தவளிடம் நீட்டினேன்.

அவள் எழுந்தாள். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், எனக்கு மூணாவதுன்னு..."

இன்னும் இரண்டு சொல் பேசினால் முந்தின நாள் ஒத்திகை வெளியே வந்துவிடும். "கையில் கொடுத்ததை வாசி" என்று குறுக்கே விழுந்து சொன்னேன்.

அவள் அட்டையில் முதல் சொல்லை விரலால் தொட்டுக் காட்டினாள். "இது எழுவாய் டீச்சர். அடுத்தது பயனிலை."

"முழு வாக்கியமாகச் சொல்."

அப்போது பக்கத்திலிருந்த சின்னவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அது எங்கண்ணே பேரு டீச்சர். மதினி சொல்லக் கூடாது."

அந்தக் குரல் பின்னால் எட்டவில்லை. எனக்கு எட்டியது. புரியவும் புரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், அது பொய். அட்டையைத் திருப்பி வாங்க ஒரு விநாடி போதும். ஆனால் ஏன் மாற்றினாய் என்று பின்னாலிருந்து கேள்வி வரும். பிள்ளைகள் ஏதாவது உளறுவார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பென்சிலை எடுப்பது தெரிந்தது.

"சொல்" என்றேன்.

அவள் சொன்னாள். புருஷன் பெயரைச் சொல்லி, வந்தான் என்றாள். பிறகு, எழுவாய் இது என்று மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னாள். பயனிலை வந்தான் என்றாள். ஒரு பிசிறும் இல்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பின் வரிசைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் போகும்போது என்னிடம், தயங்கிய பிள்ளையிடமும் விடாமல் முழுப் பதிலை வாங்கியது நன்று என்றார்.

மறுநாள் சின்னவள் மட்டும் வந்தாள்.

"மதினி இனிமே வராது டீச்சர். அம்மா நிப்பாட்டிருச்சு."

"நீ ஏன்டி வீட்டுல போய்ச் சொன்ன?"

"நான் சொல்லல. பின்னாடி பெஞ்சுல இருக்குமே எதிர்த்த வீட்டுப் பிள்ளை, அது தெரு பூராச் சொல்லிருச்சு."

சாயங்காலம் ஹாஸ்டல் ஆயாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அத்தை பாயை விரித்துப் போட்டு வரவேற்றார்.

"வாங்க டீச்சரம்மா. நல்லாத்தான் பாடம் சொல்லிக் குடுத்தீக எங்க பிள்ளைக்கு."

"பாடத்துக்காகச் சொன்னதுங்க. மனசறிஞ்சு..."

"புருசன் பேரைச் சொன்னது ஒருபக்கம். 'வந்தான்'னு வேற சொன்னாளாமே. அவன் இவன்னு, நாப்பது பிள்ளைக முன்னாடி! மாடு மேஞ்சதுன்னு ஒண்ணு இருந்துச்சாமே, அதைச் சொல்ல விட்டிருந்தா மாடா கோவிச்சுக்கப் போகுது?"

கூட வந்த ஆயா சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை.

"ஏன் தாயி, உங்க ஆத்தா உங்கப்பா பேரைச் சொல்லுவாகளா?"

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். தகப்பன் பெயர் என்ன என்று வாத்தியார் கேட்டபோது அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். மூன்று தடவை கேட்டார். வாய் செத்த பொம்பளை என்றார். நான் முந்திக்கொண்டு உரக்கச் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்த மாதிரி அன்றைக்கெல்லாம் நிமிர்ந்து நடந்தேன்.

அத்தையே மறுபடி பேசினார். இப்போது குரலில் காரம் குறைந்திருந்தது.

"நான் மொரட்டுப் பொம்பளை இல்ல டீச்சரம்மா. இவ என் அண்ணன் மக. படிக்கட்டும்னு சொன்னதே நான்தான். ஆனா சொந்தக்காரவுக கேக்குறாக, இவளா வாய்க்கொழுப்புல சொன்னாளா, சொல்ல வச்சாகளான்னு. உங்க பெரிய டீச்சர் இங்க வரட்டும். எங்க டீச்சர் மேலதான் தப்பு, அவதான் கட்டாயப்படுத்துனான்னு எங்க வீட்டு ஆம்பளைக காதுல விழுறாப்புல ஒரு வார்த்தை சொல்லட்டும். திங்கக்கெழமை பரீட்சையாமே. அனுப்பிவச்சுர்றேன்."

அதற்கு மேல் நியாயமாக யாரும் கேட்க முடியாது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"ஏம்மா அதைச் சொன்ன? சொல்ல மாட்டேன்னு நின்னிருக்கலாமே."

"நான் நின்னா நீங்க பெயிலாயிருவீகள்ல." தண்ணீரை என் கையில் கொடுத்தாள். "முதநாளு சொல்லிக் குடுத்ததைப் பத்தி வாயே தொறக்கக் கூடாதுன்னு சின்னவகிட்டயும் சொல்லிவச்சிருக்கேன். பெரிய டீச்சரைக் கூட்டியாருவீகளா?"

"கூட்டிக்கிட்டு வாரேன்" என்றேன்.

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் பெரிய டீச்சரின் அறை வாசல் வரைக்கும் போனேன். ஒத்திகையை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொல்ல வழி இருக்கிறதா என்று யோசித்தேன். வேறு அட்டை கொடுத்திருக்கலாமே என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு உண்மையைத் தவிர வேறு பதில் இல்லை. திரும்பி வந்துவிட்டேன். சனிக்கிழமை அவர் ஊரில் இல்லை. அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு பை கத்தரிக்காயோடு ஹாஸ்டலுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே, "இம்புட்டு வருசம் படிச்சுட்ட. இன்னும் எம்புட்டு நாளு? ஊருல எல்லாரும் கேக்குறாக" என்றார். "பத்து நாளுப்பா" என்றேன். அப்பா சிரித்தபடியே நடந்து போனார்.

திங்கட்கிழமை பரீட்சை நடந்தது. நாலாம் வகுப்புக்குத் தாள் கொடுக்கும் வேலை எனக்கு. முன் பெஞ்சில் சின்னவள் எழுதிக்கொண்டிருந்தாள். இடையிடையே வாசலைப் பார்த்தாள். இலக்கணக் கேள்விகள் மிகவும் எளிதாக இருந்தன.

அடுத்த வாரம் வியாழக்கிழமை எங்கள் முடிவுகளை ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை நான் பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "முடிவு வந்ததும் சொல்ல வந்தாயாக்கும்" என்றார். உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஆண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்கும்படியே பெரிய டீச்சர் சொன்னார். தப்பு முழுவதும் எங்களுடையது, பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். அத்தை மோர் கொண்டுவந்து வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா போதுமேங்க. பரீட்சை முடிஞ்சு போச்சு. சின்னவ அஞ்சாவதுக்குப் போயிருவா. மதினிக்காரி நாலாவதுலயே உக்காந்திருக்கவா? அவளுக்குத் துணைக்குன்னுதானே இவளை அனுப்புனதே. இனிமே வேணாங்க. விட்டுருங்க."

மறுபடி பரீட்சை வைக்கிறேன் என்று பெரிய டீச்சர் சொல்லிப் பார்த்தார். ஆண்களில் ஒருவர், வேணாம்மா என்றார். பெரிய டீச்சர் அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். அவள் அடுப்படி நிலைவரை வந்து, அவரைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். நான் இருந்த பக்கம் திரும்பவில்லை. "எனக்கு உள்ள வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பெரிய டீச்சர் முன்னால் நடந்தார். பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் நின்றார்.

"நான் மேலிடத்துக்கு எழுதினால் உன் தேர்ச்சி போய்விடும். எழுதாவிட்டால் நீயும் நானும்தான் அறிவோம். உன்னிடமே கேட்கிறேன். எழுதட்டுமா?"

எழுதுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பத்து நாளில் மகள் டீச்சராகிவிடுவாள் என்று ஆனையூரில் அப்பா எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. பெரிய டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

அவர் எழுதவில்லை. ஜூன் மாதம் எனக்கு வேலை கிடைத்தது. மூன்றாவது, நாலாவது வகுப்புகளுக்குத் தமிழ்.