நல்ல சொல்லாகப் போடுங்கள்

கல்யாணத் தகவல் நிலையத்தில் உட்காருகிறவனுக்கு முதல் மாதத்திலேயே ஒரு வியாதி வந்துவிடும்: யார் எந்த நல்ல சொல்லைச் சொன்னாலும், இதற்குப் பின்னால் எதை ஒளிக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றும். மகனுக்கோ மகளுக்கோ வரன் தேடி அலைந்தவர்கள் என்றால் உங்களுக்கும் அது தொற்றியிருக்கும். நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் முதலாளியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, நாமக்கல்லில் எங்கள் நிலையத்தின் மாடிப்படியில். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சேலத்துக்கு டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டவர், பாதிப் படியில் நின்று திரும்பினார். "ஏனுங்க தம்பி, சாயங்காலம் கலாமணியப் பாக்க ஜேடர்பாளையத்துல இருந்து வாராங்க. புள்ளையோட காலப் பத்தி நீங்க வாயே தெறக்கப்படாது. மாற்றுத்திறனாளின்னு போன்ல சொல்லிப்போட்டேன். அந்த ஒரு சொல்லு போதும்" என்றார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினார். சேலத்திலிருந்து அவர் திரும்பி வரவில்லை.

கலாமணி எங்கள் நிலையத்தில் போன் எடுக்கும் பெண். குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை கட்டிய காலோடு தினமும் மாடி ஏறி வருவாள். எத்தனையோ பேருக்கு வரன் சொன்னவளுக்கு, முப்பத்தைந்து வயதாகியும் ஒன்றும் அமையவில்லை. அவள் கழுத்தில் ஒரு தாலி ஏறிவிட வேண்டும் என்பது முதலாளியின் ஒரு ஆசை. யார் மனதையும் புண்படுத்துகிற சொல் நிலையத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இன்னொரு ஆசை. இரண்டு ஆசையும் ஒன்றாகப் போகுமா என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

பாட்டா, டான்ஸா?

முதலாளி ஒருமுறை சேலத்தில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். மேடையில் பேசியவர் சொற்களைப் பற்றிப் பேசினாராம். மறுநாள் காலையிலிருந்து நானும் கலாமணியும் கம்ப்யூட்டரில் சொல் மாற்றிக்கொண்டிருந்தோம். 'ஊனம்' போயிற்று, 'முதிர்கன்னி' போயிற்று, 'விதவை' போயிற்று. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கலாமணியை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் புதுச் சொல்லைப் போட்ட அன்றே, அதுவரை பழைய சொல்லுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியிருந்த பெற்றோர்கள் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாமகிரிப்பேட்டையிலிருந்து மஞ்சள் விவசாயி ஒருவர் வந்தார். ஒரு பெண்ணின் விவரத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மாற்றுத் திறன்னு போட்டிருக்குது. புள்ளைக்கு அப்பிடி என்னங்க தெறம? பாட்டா, டான்ஸா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். கலாமணி சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து தன் காலை வெளியே நீட்டினாள். "இந்தத் தெறமதானுங்க." அவர் காலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இதுக்கு எதுக்குங்க சாமி இத்தாப் பெரிய பேரு?"

வெயிலில் எடுத்த படம்

நிறம் என்ற கட்டத்தையும் முதலாளி எடுத்துவிட்டார். பெண்ணின் நிறத்தைக் கேட்பது அநாகரிகம் என்று சுவரில் ஓர் அட்டையும் மாட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் அதை வாய்விட்டுப் படித்து, ரொம்பச் சரி என்று தலையாட்டினார்கள். இவ்வளவு பேர் ஒரே மாதிரி தலையாட்டினால் எனக்குப் பயம் வரும்.

பிறகு பார்த்தால், எல்லோரும் போட்டோவைப் பற்றியே கேட்டார்கள். எந்த ஸ்டூடியோ, என்ன விளக்கு, பக்கத்தில் நிற்பது அக்காவா, அக்கா மாநிறமா. ஓர் அம்மா ஒரே படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "கலரு கேக்கலீங்க சாமி, அதெல்லாம் தப்புங்க. வெயில்ல நிக்க வெச்சு எடுத்த படம் ஒண்ணு இருக்குதுங்களான்னுதான் கேக்கறேன்."

தடையில்லை

எங்கள் பக்கம் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டமும் வீடும் இருந்து, நாற்பதை நெருங்கியும் மாப்பிள்ளைக் கோலம் பார்க்காதவர்கள் தெருவுக்கு இரண்டு பேர். அப்படி ஒருவரின் அப்பா, லாரி வைத்திருப்பவர், வந்து உட்கார்ந்து, "சாதி தடையில்லைன்னு போட்டுருங்க. காலம் மாறிப்போச்சு, நாமளும் மாறோணும்" என்றார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. டீ வரவழைத்தார். நான் அந்த வரியை அடித்தேனே தவிர, டீ குடிக்கும்போது அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் பொருத்தமான இடம் வந்தது. பெண் நர்ஸ், ஜாதகம் நன்றாக ஒத்துப்போயிற்று. கலாமணி அவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது. பெண்ணின் ஊரைக் கேட்டார். ஊரில் எந்தப் பக்கம் வீடு என்றார். எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறார்கள் என்றார். கலாமணி, "தடையில்லைன்னுதானுங்களே போட்டிருக்குது?" என்று மெதுவாக ஞாபகப்படுத்தினாள். அவர் சாவதானமாகச் சொன்னார்: "தடையில்லைன்னுதான் போட்டேன் அம்மணி. கேக்க மாட்டேன்னா சொன்னேன்?"

வாயைத் திறக்க முடியாதவர்

எதிர்க்கட்சியையும் சொல்லிவிடுகிறேன். போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழிலில் நன்றாக இருந்த ஒருவர், பேத்திக்கு வரன் பார்க்க வந்தார். சுவரில் இருந்த அட்டையைப் படித்ததும் ஆரம்பித்துவிட்டார். இப்போதெல்லாம் வாயைத் திறக்க முடிவதில்லை, எதைச் சொன்னாலும் குற்றம், கருப்பனைக் கருப்பன் என்று சொன்னால் போலீஸ் வரும், சனங்களுக்குத் தோல் மெல்லிசாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவருடைய திறக்க முடியாத வாய் மூடவில்லை. சொல்லை மாற்றுகிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டுதான். ஆனால் பழைய சொல்லுக்காக இவ்வளவு பாடுபடுகிறவர் மேல் அதைவிடக் கூடுதலாக வந்தது. அந்தச் சொல்லால் ஒருநாளும் அடி வாங்காதவர் அவர்.

கடைசியில் கலாமணியின் காலைக் கவனித்தார். "இந்தா, எங்கூர்ல இப்பிடி ஒருத்தன் இருந்தான். நொண்டின்னேதான் கூப்புடுவோம். அவனும் சிரிச்சுட்டே வருவான். ஒருநாளாச்சும் கோவிச்சுட்டுப் போயிருப்பானா?" கலாமணி போன் ஒயரைச் சுற்றி வைத்தபடி சொன்னாள்: "கோவிச்சுட்டு எங்கீங்க போறது? வேகமா நடக்க முடியாதுங்களே."

கேட்காத கேள்வி

எருமப்பட்டியிலிருந்து ஒரு தையல்காரப் பெண் வந்தாள். கணவன் இறந்து சில வருஷம். ஒரு பெண் குழந்தை. அவளுடைய விவரத்தில் நாங்கள் 'துணையை இழந்தவர்' என்று போட்டிருந்தோம். திரையில் அந்தச் சொல்லைக் காட்டியபோது அவள் முகம் தெளிந்தது. "இது நல்லாருக்குதுங்க" என்றாள். சொல் மாறினால் ஒன்றுமே மாறாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன்.

ஆனால் அவளுக்கு வந்த போன் எல்லாம் ஒரே கேள்வியில்தான் தொடங்கின: புருஷன் எப்படிச் செத்தான், கல்யாணம் ஆகி எத்தனை நாளில். ஒருநாள் அவள் என் மேசையில் இருந்த என் மனைவியின் படத்தைப் பார்த்து, எப்படிப் போனார்கள் என்று கேட்டாள். மஞ்சள் காமாலை என்றேன். எனக்கும் இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அதையும் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்த ரெண்டு எடத்துலயும், சம்சாரம் எப்பிடிச் செத்தாங்கன்னு உங்களக் கேட்டாங்களாங்க?"

பேசாத பெண்

இனி முதலாளி சேலம் போன அன்றைய சாயங்காலம். ஜேடர்பாளையத்திலிருந்து ஓர் அம்மாவும் மகனும் மாடி ஏறி வந்தார்கள். மகன் பெயர் கதிர்வேல். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அந்த அம்மா வாய் திறந்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. கலாமணியைப் பார்த்துச் சிரித்து, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று சைகை காட்டினார். கதிர்வேல் தன் நெஞ்சைத் தொட்டு, விரல்களை மடக்கி நீட்டி, ஏதோ பாடம் பண்ணியதுபோல வரிசையாகக் காட்டினார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. திறக்கவில்லை.

கலாமணி திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். அவள் நினைப்பு எனக்குப் புரிந்தது: அம்மாவுக்கும் மகனுக்கும் பேச்சு வராது போலிருக்கிறது, முதலாளி அந்தப் பக்கத்துக்கும் நல்ல சொல்லாகப் போட்டு மறைத்துவிட்டார். உங்களுக்குப் பேச வராதா என்று எப்படிக் கேட்பது? அவளும் மரியாதைக்குக் கையாலேயே பதில் சொன்னாள். சாப்பிட்டாயிற்று, உட்காருங்கள், தண்ணீர் வேண்டுமா. மூன்று பேரும் மூச்சு வாங்கும்வரை கையை ஆட்டினார்கள். அப்போது மேசையில் போன் அடித்தது. பழக்க தோஷம், எடுத்து, கணீரென்று, "வணக்கமுங்க, திருமணத் தகவல் நிலையமுங்க!" என்றாள்.

கதிர்வேலின் கை அந்தரத்தில் நின்றது. அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் ஊரில் மாற்றுத்திறனாளி என்று சொல்லப்பட்டவள் பக்கத்து வீட்டு ஊமைப் பெண் ஒருத்திதான். போனில் முதலாளி அந்தச் சொல்லைச் சொன்னதும் இதுவும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். என்ன குறை என்று கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று கேட்கவில்லை. மகன் செல்போனில் வீடியோ பார்த்துச் சைகைப் பேச்சு பழகிக்கொண்டு வந்திருக்கிறார். நான் உத்தரவை மீறி, கால்தான் குறை என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "காலு போனாப் போகுதுங்க சாமி, அதனால என்ன? வாய் பேசாத புள்ள, ஊட்டுல சண்ட சச்சரவு வராதுன்னுதானுங்க நான் ஒத்துக்கிட்டேன்!"

காது

முதலாளியின் காரியமெல்லாம் முடிந்து நிலையத்தைத் திறந்தபோது, கதிர்வேல் தனியாக வந்தார். அன்றைக்கு அம்மாவோடு படி இறங்கிப் போனவர் எதற்குத் திரும்பி வந்தார் என்று நான் யோசித்தேன். நல்ல காரணம் ஒன்றும் என் புத்திக்கு எட்டவில்லை. கலாமணியும் என்னைப் போலவே இந்தத் தொழிலில் ஊறியவள். இந்த இடமும் நழுவினால் இனிமேல் யாருக்கு முன்னாலும் போய் உட்காருவதில்லை என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். ஆனாலும் நேராகக் கேட்டாள். "வேற எடம் எதுவும் அமையாமத்தானுங்களே வந்தீங்க?"

அவர் ஒரு நல்ல சொல்லைத் தேடினார். பிறகு, "ஆமாங்க" என்றார். "உங்களுக்குங்க?"

"எனக்கும் அதேதானுங்க. கேட்டுக்கோங்க. இது போலியோ வந்த காலு, சாகற வரைக்கும் இப்பிடித்தான். ஈரத்துல வழுக்கும். கொடம் தூக்க முடியாது."

"மோட்டார்காரன் ஊட்டுல எதுக்குங்க கொடம் தூக்கோணும்?"

"எனக்குக் கோவம் வரும். வந்தா வாய் சும்மா இருக்காது. சத்தம் உங்கூரு ஆத்துக்கு அந்தக் கரைக்குக் கேக்கும்."

கதிர்வேல் முதல்முறையாகச் சிரித்தார். "கேக்கட்டுங்க. எங்கம்மாளுக்கும் காது நல்லாத்தானுங்க இருக்குது."

கலாமணி கல்யாணமாகி ஜேடர்பாளையம் போய்விட்டாள். நிலையத்தில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம், கால் என்றால் கால், கண் என்றால் கண் என்றே எழுதுகிறேன், வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் படித்ததும் எழுந்து அடுத்த தெரு நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள்.