யாரும் எடுக்காத அலைகற்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கல்யாணமாகி, காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நான் வந்தபோது, அங்கே எல்லார் வீட்டுத் துவைகல்லும் ஒரே மாதிரி இருந்தது. சதுரம், தட்டை, ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பு. எங்கள் வீட்டுக் கல்லில் ஒரு மூலை மட்டும் உடைந்திருக்கும். அலை அரிக்காமல் இருக்க ஏரிக்கரையின் தண்ணீர்ப் பக்கம் பதித்திருந்த அலைகற்களும் அதே சதுரம், அதே தட்டை. அதாவது, மீதி இருந்தவை.

ஐப்பசியில் ஏரி நிரம்பிக் காற்று திரும்பியதும், கல் போன இடங்களில் அலை கரையைக் கரைக்க ஆரம்பித்தது. கரைந்த மண் மாயமாகிவிடவில்லை. அலை அதைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போய், சேற்றை அலசிவிட்டு, மணலை மட்டும் தெற்கு மூலையில் பரப்பியது. கடலையே பார்க்காத ஊருக்கு ஒரு கடற்கரை! பிள்ளைகள் அதில் வீடு கட்டி விளையாடினார்கள். நானோ கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரை உடைந்தால் முதலில் போவது அதன் அடியில் இருந்த எங்கள் ஒரே வயல். நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

மணியக்காரர் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் தண்டோரா போட வைத்தார்.

“அலைகல்ல யாரும் எடுக்கல. எடுக்காதவங்க எல்லாரும் நாளைக்குள்ள திருப்பி வெச்சிடணும்!”

ஒருவரும் அசையவில்லை. என் மாமியார் துணியை ஓங்கி அடித்தபடி, “இது எங்கம்மா வூட்டுச் சீரு. உத்தனப்பள்ளியில இருந்து வண்டியில வந்துச்சு” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “வயலு போச்சுன்னா இந்தக் கல்லத்தான் திங்கணும், அத்தே.”

என்னை முறைத்துவிட்டுப் போனவர் வயலைப் பார்த்துவிட்டு வந்தார். கடப்பாரையை எடுத்துத் தன் மகனிடம் கொடுத்தார். கல் வண்டியேறியது. மாமியார் அதற்கு முன்னால் நடந்துகொண்டே தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “எங்கம்மா வூட்டுச் சீர ஊருக்குத் தானமா குடுக்கறேன்!”

அவ்வளவுதான், ஊரே தானம் செய்யக் கிளம்பிவிட்டது. மணியக்காரர் வீட்டு வாசற்படிகூட வந்து சேர்ந்தது.

எங்கள் கல்லை ஒரு பள்ளத்தில் இறக்கினார்கள். அங்கே கரையோடு ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒரு கல்துண்டு கிடந்தது. கல்லின் உடைந்த மூலை அதோடு போய்ச் சேர்ந்ததில், இடையில் நகம்கூட நுழையாது. சுற்றி நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஓர் அலை வந்து கல்லில் மோதி, மண் எடுக்காமல் வெறுங்கையோடு திரும்பியது. நெல் இனி வீடு வரும் என்று எனக்கு உயிர் வந்தது.

மாமியார் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா, எங்கம்மா வூட்டுக் கல்லு எவ்ளோ பொருத்தமா உக்காருது!”